மூன்று உயர ஸ்டூலும் ஒரு குட்டி முக்காலியும்

ரொறொன்ரோவில் ஒரு மனிதனின் வயதை அறிய அவனுடைய பிறந்த திகதி தேவையில்லை. பனிக்காலத்தில் வாசலில் நின்று அவன் பூட்ஸ் போடுவதைப் பார்த்தால் போதும். முப்பது வயதுக்காரன் நின்றபடியே காலை உள்ளே விட்டுக்கொண்டு போய்விடுவான். நாற்பதுக்காரன் சுவரில் ஒரு கையை வைப்பான். ஐம்பதைக் கடந்தவன் உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பான். நான் அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எதையும் தேடாமல், ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி, கோட் கொழுவும் தடியைப் பிடித்து, ஒருமுறை அதைச் சுவரோடு பிடுங்கியும் விட்டு, இரண்டு பனிக்காலங்களை ஓட்டினேன். முழங்கால் தேய்ந்துவிட்டதென்று டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்போதும் வாசலில் ஒரு சின்ன ஸ்டூல் வைக்க நான் சம்மதிக்கவில்லை.

இந்தப் பிடிவாதம் வாசலோடு நிற்கவில்லை. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பியில் இந்த வீட்டை வாங்கியபோது சமையலறையின் நடுவில் ஒரு நீளமான மேடையும் சேர்ந்து வந்தது. மேலே கல். கீழே ஒரு பாதி அலுமாரி, மறுபாதி இரண்டு கால்களில் நிற்கும் வெறும் வெளி. அதற்குப் பெயர் ஐலண்ட். ஒரு தீவை விட்டு வந்து இங்கே கடன்பட்டு இன்னொரு தீவு வாங்கியிருக்கிறோம் என்று மனைவி சொன்னாள். அந்தத் தீவைச் சுற்றி உயரமான ஸ்டூல்கள் போடாவிட்டால் வீடு வீடாகாது என்பது மகளின் கட்சி. ஆகவே ஒரு சனிக்கிழமை மூவரும் கடை ஏறினோம்.

மனைவிக்கு முதுகு சாய வசதி வேண்டும். மகளுக்குப் பழைய மரமாக இருக்க வேண்டும், கீறல் விழுந்திருந்தால் இன்னும் நல்லது. எனக்கு உயரம் வேண்டும். கடைக்காரப் பெடியன் மிகப் பொறுமையாக விளக்கினான். இந்த ஸ்டூல்களில் இரண்டு உயரம் உண்டாம். சமையலறை மேடைக்கு ஒன்று, மதுக்கடை மேடைக்கு இன்னொன்று. உங்கள் மேடையின் அளவுக்குப் பதிவானதுதான், உயரம் குறைந்ததுதான், சரி என்றான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் மற்றதைக் காட்டினேன். அவன் அளவு நாடாவை எடுத்து மறுபடியும் விளக்கினான். நான் மறுபடியும் மற்றதையே காட்டினேன். மகள் என்னைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்க்காமல் ஒரு மேசை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

கறுப்பு இரும்புக் காலும் பழுப்புத் தோலுமாக மூன்று நவீன ஸ்டூல்கள் வீட்டுக்கு வந்தன. ஏறி இருந்தால் தொடை மேடைக்குக் கீழே போகாது. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்துகொண்டு, சோற்றுக் கோப்பையை எட்டி எட்டித் தின்ன வேண்டும். என் உயரம் ஐந்தடி நாலங்குலம். ஏறுவதற்குக் கல்லில் ஒரு கையும் குறுக்குக் கம்பியில் ஒரு காலும் வைத்து உன்ன வேண்டும். இறங்குவது அதைவிடச் சிரமம். முகத்தைத் திருப்பி, கிணற்றுக்குள் இறங்குகிறவனைப்போலக் காலால் நிலத்தைத் துழாவ வேண்டும். இருக்கும்போதோ கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். வந்து பார்த்த மனைவியின் தங்கச்சி, இதுதான் இப்போதைய பாஷன் என்று நினைத்து, அதே உயரத்தில் நாலு வாங்கிவிட்டாள்.

மனைவிக்குத் தெரிந்த காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மகளுக்குத்தான் அப்போது சொல்லவில்லை.

என் அப்பா கணக்கு மாஸ்ரர். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மகனுக்குக் கணக்கு ஏறவே இல்லை. அந்தப் பக்கத்தில் அப்பாவை விட நல்ல கணக்கு மாஸ்ரரும் இல்லை. ஆனால் அப்பா பிறந்த சாதிக்கு அந்த வீட்டில் உட்காரக் கதிரை கிடையாது. மகன் பாஸாக வேண்டும், வழக்கமும் கெடக்கூடாது. இந்தச் சிக்கலை அவர்கள் ஒரு குட்டி முக்காலியால் தீர்த்தார்கள். விறாந்தையில் மேசை போட்டு, மாணவனுக்குக் கைபிடி வைத்த கதிரையும் மாஸ்ரருக்கு அந்த முக்காலியும் வைத்தார்கள். அதில் இருந்தால் மேசை விளிம்பு அப்பாவின் நாடியில் இடிக்கும். இரண்டு வருடம் அப்படி இருந்து படிப்பித்தார். மாணவன் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஆக உயர்ந்த புள்ளியான டி எடுத்தான். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டு ஒரு பெரிய பலாப்பழம் கொடுத்தனுப்பினார்.

அப்பா இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. அவருக்கு அது ஒரு பகிடி. சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்க ஆள் இருந்தால் சொல்லுவார். "என்னைப் பதிச்சு வைச்சிட்டம் எண்டு அவையள் நினைச்சினம். எனக்கெண்டால் மேசைக்குக் கீழ நடக்கிறது முழுக்கத் தெரிஞ்சுது." அந்தப் பெடியன் மனக்கணக்குச் செய்வதாக முகத்தை வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே விரல் மடக்கி எண்ணுவானாம். அப்பா கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே, விரலை விடு, மனதில் எண்ணு என்பாராம். பெடியன் வெலவெலத்துப் போவானாம். மாஸ்ரருக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானாம். சொல்லும்போது அப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ஆனால் எப்படியோ, பகிடியை வழியில் விட்டுவிட்டு முக்காலியை மட்டும் நான் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினெட்டாம் மாடியில், ஓர் அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். அங்கே ஒரு கதிரைகூட இல்லை. எல்லோரும் கார்ப்பெட்டில்தான் இருந்தோம், தின்றோம், படுத்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. பிறகு ஒவ்வொருவரும் கலியாணம் முடித்து, வீடு வாங்கி, சோபா வாங்கினார்கள். ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி என்ற விசாரணைகளும் சோபாக்களோடு சேர்ந்து வந்தன. ஒரு வீட்டுக்குள் போனால் எனக்கு எந்த ஆசனத்தைக் காட்டுகிறார்கள் என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. யாரும் கவனிக்காத மாதிரிப் பார்ப்பேன். மகளுக்கு இதைச் சொன்னால் அவளும் பார்க்கத் தொடங்கிவிடுவாள். இங்கே பிறந்து, எந்த வீட்டுக்குள்ளும் தன் வீடுபோல நுழைந்து, கண்ட இடத்தில் தொப்பென்று விழுந்து இருக்கும் பிள்ளை அவள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததிலும் ஒரு கெடுதல் இருந்தது, அது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

போன பனிக்காலத் தொடக்கத்தில் மகளுக்கு முதல் சம்பளம் வந்தது. அவள் யூனியன்வில்லில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போய், எனக்கென்று ஒன்று வாங்கிவந்து, சிவப்பு நாடா கட்டி வாசலில் வைத்திருந்தாள். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போதே கண்ணில் பட்டது. மூன்று கால், வட்டப் பலகை, முழங்காலுக்கும் பதிவு. இந்த மாகாணத்துப் பண்ணையொன்றில் பால் கறக்கிறவர்கள் இருக்கப் பாவித்ததாம். கடைக்காரப் பெண்மணி அதன் சரித்திரம் முழுவதையும் சொல்லித்தான் விற்றிருக்கிறாள். எத்தனையோ பேர் இருந்து இருந்து பலகையின் நடு வழுவழுவென்று குழிந்துபோயிருந்தது. மகள் அந்தக் குழியைத் தடவிக் காட்டினாள்.

"உங்கட முழங்காலுக்குத்தான் அப்பா. இதிலை இருந்து பூட்ஸ் போடலாம்."

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நான் குறை சொல்லத் தொடங்கினேன். பழைய மரத்தில் உளு இருக்கும் என்றேன். மருந்தடித்துத்தான் விற்கிறார்கள் என்றாள். மூன்று கால் பிரளும் என்றேன். மாட்டுக் கொட்டிலின் மேடு பள்ளத்தில் பிரளாமல் நிற்கத்தான் மூன்று கால் என்றாள். வாசலை அடைக்கும் என்றேன். அளந்துதான் வாங்கினேன் என்றாள். என்னிடம் பொய்கள் முடிந்துவிட்டன.

"உது இந்த வீட்டுக்குள்ளை வேண்டாம்," என்று கத்தினேன்.

அவள் நாடாவை அவிழ்த்து, ஒழுங்காகச் சுற்றி, கோட் பையில் வைத்துக்கொண்டு, முக்காலியைக் கராஜுக்குத் தூக்கிப் போனாள். அன்றிலிருந்து என்னோடு வெதரைப் பற்றி மட்டும் பேசினாள். இன்றைக்குப் பனி கொட்டுமாம் அப்பா. ஓம் பிள்ளை. நாளைக்கு வெயிலாம் அப்பா. ஓம் பிள்ளை. வானிலை அறிக்கையோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கேவலம் என்று அந்த வாரங்களில் விளங்கியது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. மகளின் முதல் சம்பளத்துச் சாமானைக் கராஜில், குப்பை வாளிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, நான் வாசலில் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஒண்டில் சொல்லுங்கோ, இல்லாட்டி அதிலை இருங்கோ. இரண்டும் செய்யாமல் பிள்ளையை ஏன் நோகடிக்கிறியள்?" என்றாள் மனைவி.

நான் இரண்டும் செய்யவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் யூனியன்வில்லில் இருக்கிறாராம். பழைய மாணவர் சங்கத்தில் யாரிடமோ என் நம்பரை வாங்கினாராம். தன் மகளுக்குக் கலியாணம், நேரில் வந்து அழைப்புக் காட் தந்து சொல்ல வேண்டும், எப்போது வசதி என்று கேட்டார். மாஸ்ரரின் மகன்தானே என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பெரிய வீட்டின் அந்தக் கைபிடிக் கதிரைக்காரர்தான்.

ஞாயிறு பின்னேரம் வாங்கோ என்றேன். எனக்குத் தெரிய, அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாண அழைப்பும் வந்ததில்லை. நான் வீட்டைக் கூட்டினேன், துடைத்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய வசனங்களைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவும் நல்ல வசனங்கள். ஒன்றைச் சொல்லி முடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த மனிதரை அந்த முக்காலியில் இருத்தி மனதுக்குள் படம் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பனி கொட்டியது. வயதான ஒருவர் பூட்ஸோடு வரப்போகிறாரே என்று யோசித்த மகள், என்னைக் கேட்காமலே கராஜிலிருந்து முக்காலியை எடுத்துவந்து வாசலில் வைத்திருக்கிறாள். மணி அடித்ததும் நான் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு பருத்த மனிதர், தொப்பியில் பனியோடு, சுகமோ என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் கண்ணெதிரில் கண்ட அந்தக் குட்டி முக்காலியில் பொத்தென்று இருந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய வழுக்கை என் இடுப்பளவில் இருந்தது. மனதுக்குள் ஓட்டிய படம் அப்படியே வாசலில் நடக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் மெதுவாக அவிழ்க்கட்டும், முடிச்சு விழட்டும், நாள் முழுவதும் அதிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல சாமான். எங்கை வாங்கினனீங்கள்? எனக்கும் ஒண்டு வேணும்," என்றார்.

அதோடு என் சந்தோஷம் முடிந்தது.

சோபாவில் இருத்தினோம். மனைவி தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்தாள். மூலைகளில் மஞ்சள் பூசிய அழைப்புக் காட்டை அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தந்தார். மகள் வந்து வணக்கம் சொல்லிவிட்டுச் சமையலறை மேடைக்கு அப்பால் போய், உயர ஸ்டூலில் ஏறி, எங்களைப் பார்த்தபடி இருந்தாள். விருந்தினர் வாசல் தாண்டிப் போகும்வரை கையில் போன் இருக்கக்கூடாது என்பது மனைவியின் சட்டம்.

அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது என்றதும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது நடிப்பில்லை. பிறகு, மாஸ்ரர் இல்லாவிட்டால் தான் எஞ்சினியராக வந்திருக்கவே முடியாது என்றார். மகளும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, விரல் எண்ணிய கதையைத் தொடங்கினார். அப்பா சொன்ன அதே கதைதான், மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து.

"என்ரை விரல் மேசைக்குக் கீழ. அவர் கொப்பியைப் பாத்துக்கொண்டிருக்கிறார். எப்பிடித்தான் கண்டுபிடிச்சாரோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. அந்த மனிசனுக்கு என்னவோ ஒரு சக்தி இருந்தது."

மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன் அப்பப்பாவைப் பற்றி இப்படி ஒரு கதை அவள் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் வழியில்லை, நான்தான் அடைத்து வைத்திருந்தேனே. அவருடைய கேள்விக்கு விடை என் நாக்கில் இருந்தது. கண்ணாடிக்கு முன் சொல்லிப் பழகிய வசனங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. ஆனால் மகள் அங்கே இருந்தாள். நான் தேநீரோடு சேர்த்து விழுங்கினேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு ரோல்ஸ் எடுங்கோ என்று அவருக்குத் தட்டை நீட்டினாள்.

இன்னும் ஏழு வீடு போக வேண்டும் என்று எழும்பினார். வாசலுக்கு வந்து மறுபடியும் முக்காலியில் இருந்தார். நாடா கட்டுவது அவிழ்ப்பதை விடச் சிரமமான வேலை. வயிறு மறிக்க, நன்றாகக் குனிந்து, மூச்சு வாங்கிக் கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பூட்ஸின் நடுவில் அவர் தலையைச் சற்றுச் சரித்துச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"பிள்ளை, போனைக் கீழ வைச்சுக்கொண்டு ஆருக்கு மெசேஜ் அடிக்கிறீர்?"

மேடைக்கு மேலே மகளின் முகம் மரியாதையாக எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது சட்டென்று சிவந்தது.

"ஹவ் டிட் யூ நோ, அங்கிள்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதிலை இருந்து பாத்தா மேசைக்குக் கீழ எல்லாம் தெரியுமே," என்றார்.

அந்தச் சிரிப்பு முழுதாக முடியவில்லை. நாடாவைப் பிடித்த கைகள் அப்படியே நின்றன. கால்களுக்கு நடுவில் தெரிந்த பலகையை அவர் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எஞ்சினியர் இல்லை. கணக்குப் பிழைத்துவிட்ட ஒரு மாணவன்தான் இருந்தான்.

"மாஸ்ரர் எங்கட வீட்டிலை..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"உதிலைதான்," என்றேன். "உதைவிடக் கொஞ்சம் பதிவு."

நான் பழகி வைத்திருந்த வசனங்களில் இது இல்லை. குரலும் சாதாரணமாகத்தான் வந்தது, கடை விலாசம் சொல்கிறவனைப் போல. அவர் மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நான் ஒருநாளும் யோசிச்சுப் பாக்கேல்லை," என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் சுமந்து திரிந்த ஒன்று அவருடைய தலைக்குள் ஒரு மூலையில்கூட இருந்திருக்கவில்லை. அவமானத்தை விட அதுதான் எனக்குக் கூட வலித்தது.

எழும்ப முயன்றார், முடியவில்லை. கை கொடுத்தேன். அவருடைய பாரம் முழுவதும் என் தேய்ந்த முழங்காலில் இறங்கியது. கதவடியில் நின்று, கலியாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, முன்னுக்குத்தான் இருக்க வேண்டும் என்றார். பாவம், அந்த நேரத்தில் அவருக்கும் வேறு என்ன சொல்ல வரும்? ஐம்பது வருடம் பிந்தியென்றாலும் ஒரு கதிரை கதிரைதானே.

நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மகள் முகத்தைத் திருப்பி, காலால் நிலத்தைத் துழாவி, உயர ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வந்து அந்த முக்காலியில் இருந்தாள். போன் கையில் இல்லை.

"அப்பா, வாட் ஸ்டூல்?" என்றாள்.

நான் மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்துகொண்டு சொன்னேன். அப்பா சொல்கிற ஒழுங்கிலேயே, பகிடியை முதலில் வைத்துச் சொன்னேன். விரல், மந்திரம், வெலவெலத்த பெடியன் எல்லாம் வந்தன. அவள் சிரித்தாள். அப்பா எதிர்பார்க்கிற இடத்தில் சரியாகச் சிரித்தாள். பிறகு ஏன் அவருக்குக் கதிரை இல்லை என்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தான் இருந்த பலகையின் குழியை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு கேட்டாள்.

"அப்பப்பாக்குக் கோவம் வரேல்லையா?"

"தெரியாது பிள்ளை. எங்களுக்கு அவர் சிரிச்சுத்தான் காட்டினவர்."

உயர ஸ்டூல்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே திரும்பி அவற்றை ஒருமுறை பார்த்தாள். கடையில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். உங்களில் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அது நியாயம்தான்.

கலியாணத்துக்குப் போனோம். முன் வரிசையில்தான் இருத்தினார்கள். மண்டபத்தின் அத்தனை கதிரைக்கும் ஒரே வெள்ளை உறை, ஒரே ரிப்பன். உயரமும் ஒன்றுதான். என் கால் நிலத்தைத் தொட்டது.

குட்டி முக்காலி இப்போது வாசலிலேயே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் இருந்து பூட்ஸ் கழற்றுகிறார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். மனைவியும் அதில் இருக்கிறாள், மகளும் இருக்கிறாள். நான் மட்டும் இன்னும் இருக்கவில்லை. எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்தும் உடம்பு கேட்கவில்லை. இன்றைக்குக் காலையும் ஒற்றைக்காலில் நின்றுதான் பூட்ஸ் போட்டேன். முந்தியென்றால் மகள் ஏன் அப்பா என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. பக்கத்தில் வந்து நின்று, கோட் கொழுவும் தடி இருந்த இடத்தில் தன் தோளைத் தருகிறாள்.